ஓ.டி. முடிச்சாச்சு... எங்கே போய்ச் சேர?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது. போஸ்டிங், லாக் புக், கேஸ் பிரசன்டேஷன் என்று இன்டர்ன்ஷிப் ஆளையே விழுங்கிவிட்டது. தவறாமல் படிக்கும் அந்த மூன்று பேரிடமும் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை கொஞ்சம் சொந்தப் பிரச்சினை. நீளமாகத்தான் இருக்கும். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் தெரியாதவர்களுக்காக. நான் படிப்பது ஓ.டி. உடனே "ஆபரேஷன் தியேட்டரா?" என்று கேட்பீர்கள். இல்லை. "ஓவர் டைமா?" அதுவும் இல்லை. ஆக்குபேஷனல் தெரபி. அரசாங்கத் தாள்களில் இதற்கு ஒரு தமிழ்ப் பெயர் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்: தொழில்வழி சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என்று. முதல் பெயரைக் கேட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பெரியப்பா ஒருவர் தன் மகனுக்கு ஒரு வேலை பார்த்துத் தரச் சொன்னார். நான்கரை வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது ஒரே வரியில் சொல்லப் பழகிவிட்டேன்: குளிப்பது, சாப்பிடுவது, சட்டை போடுவது, பள்ளிக்கூடம் போவது, கடையில் உட்கார்வது என்று ஒரு மனுஷன் அன்றாடம் செய்கிற காரியங்களை, உடம்போ மனசோ ஒத்துழைக்காதபோதும் அவர் மறுபடி செய்ய வழி கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் ஐந்து வாரம். ஹாஸ்டலில் எந்த ரூமுக்குப் போனாலும் ஒரே பேச்சு. "நீ எங்கடி போற? பீடியாட்ரிக்ஸா, நியூரோவா, ஹேண்டா, சைக்கியாட்ரியா?" இதற்கு நடுவில் வெளிநாட்டுக் கோஷ்டி ஒன்று தனியாக உட்கார்ந்து ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருக்கும். (அமெரிக்காவில் இந்த வேலைக்குள் நுழையவே முதுகலை கேட்பார்கள், பிரிட்டன் என்றால் அங்கே பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு வாழ்த்துகள், அந்தக் கதையை இங்கே பேசப் போவதில்லை.) என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன்: இந்தக் கேள்வியே தப்பு. எந்த மாதிரி நோயாளி என்று கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பதால்தான் நம்மில் பாதிப்பேர் இரண்டு வருடத்தில் சலித்துப்போய் எம்.பி.ஏ. பக்கம் ஓடுகிறோம். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. நான் தப்பு செய்தால் அதைத் தப்பு என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? என்னிடம் வருகிற ஆள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாரோ அதை நான் எப்போதாவது கண்ணால் பார்ப்பேனா?

எனக்கு இந்த ஞானம் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு டீ மாஸ்டரிடமிருந்து வந்தது.

பெயர் வேண்டாம், மாஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பது சொச்சம் வயது, பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் போஸ்டிங்கில் இருந்த மருத்துவமனையில் ஆறு வாரம் உள்நோயாளி. அந்த ஆறு வாரமும் அவர் என் கேஸ். நானும் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். கட்டிலிலிருந்து வீல் சேருக்கு மாறுவது, இடது கையால் சட்டைப் பொத்தான் போடுவது, கோனை எடுத்து அடுக்குவது, பெக் போர்டில் குச்சி செருகுவது, நாலு கால் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு வராந்தாவில் நடப்பது என்று எல்லாம் வந்துவிட்டது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் தானாகவே உட்கார்ந்து எழுந்தார். டிஸ்சார்ஜ் அன்றைக்கு பார்த்தெல் இண்டெக்ஸ் போட்டுப் பார்த்தேன், நூற்றுக்கு 85. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த எண்ணை எழுதும்போது எனக்கு இருந்த பெருமையைக் கேட்கவே வேண்டாம். கேஸ் பிரசன்டேஷனில் கைதட்டல்கூடக் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து ரெவ்யூவுக்கு அவர் வரவில்லை. அவர் மனைவி மட்டும் மாத்திரை வாங்க வந்திருந்தார். "மாஸ்டர் எப்படி இருக்கார்க்கா?" என்று கேட்டேன். "இருக்காரு பாப்பா. கட்டில்லயே இருக்காரு" என்றார். குளிப்பது? "நான்தான் வாசல்ல ஸ்டூல் போட்டு ஊத்தி விடுறேன்." அதற்குப் பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். சாயங்காலம் ஆனால் அவர் சாப்பிடுவதே இல்லையாம். ராத்திரி வயிறு கூப்பிட்டால் பொம்பளையை எழுப்ப வேண்டுமே என்று.

85 மதிப்பெண் வாங்கிய ஆள்!

துறையில் கெஞ்சிக் கூத்தாடி, சோஷியல் வொர்க்கரோடு ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு ரூம் வீடு. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் தனியாக. போக வேண்டுமென்றால் முதலில் ஒரு நிலைப்படி, அடுத்து அரையடி இறக்கம், பிறகு எப்போதும் ஈரமாகக் கிடக்கும் துணி துவைக்கிற கல். கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, உள்ளே போய்த் திரும்பிக் கதவைச் சாத்த இடமில்லை. உள்ளே இருப்பது இந்தியன் டாய்லெட். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நான் ஆறு வாரம் அவரைப் பழக்கியதோ வழவழப்பான டைல்ஸ் தரை, இரண்டு பக்கமும் கம்பி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட். அந்த வீட்டில் இல்லாத ஒன்றில் அவரை நான் நிபுணராக்கி அனுப்பியிருக்கிறேன்.

ஆறு வாரத்தில் ஒருநாள்கூட நான் அவரிடம் "உங்க வீட்ல டாய்லெட் எங்க இருக்கு?" என்று கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. "ஹோம் என்விரான்மென்ட்: சொந்த வீடு, தரைத்தளம்" என்று நிரப்பியிருந்தேன். உண்மைதான், தரைத்தளம்தான்.

என்ன செய்தோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. கை வைத்த பிளாஸ்டிக் சேர் ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, இந்தியன் டாய்லெட்டின் மேல் நிறுத்தினோம். ஆடாமல் இருக்கக் காலைக் கட்டிவிட்டோம். நல்ல கையான இடது கைப் பக்கம் சுவரில் ஒரு ஜி.ஐ. பைப். கதவைக் கழற்றிவிட்டுத் திரை. படியை ஒட்டிச் செங்கல் வைத்து சிமென்ட் பூசிச் சாய்தளம். அவருடைய மச்சினரே கொத்தனார் என்பதால் கூலி இல்லை, மொத்தம் ஆயிரத்து நானூறு ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு அந்தச் சேரில் உட்கார்ந்து எழ, அந்தக் கம்பியைப் பிடிக்க, அந்தச் சாய்தளத்தில் நடக்கப் பழக்கினோம். நான் மொத்தம் மூன்று தடவை போனேன். இப்போது ராத்திரியும் சாப்பிடுகிறாராம். கடைக்கு வாரத்தில் மூன்று நாள் போய்க் கல்லாவில் உட்கார்கிறார். டீ ஆற்ற முடியவில்லை. அதற்கு இரண்டு கையும் வேண்டும், வலது கை இன்னும் வரவில்லை. அது வருமா என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

இதை நான் அந்த மருத்துவமனையைக் குறை சொல்ல எழுதவில்லை. அங்கே இருந்த சீனியர்கள் நல்லவர்கள், அவர்களிடம்தான் நான் பிடிக்கவும் தூக்கவும் கற்றுக்கொண்டேன். ஆனால் இடம் என்பது வெறும் இடம் இல்லை. நீங்கள் எதைக் கேள்வியாகக் கேட்பீர்கள் என்பதையே அது முடிவு செய்துவிடுகிறது. வார்டில் நின்றால் கை எவ்வளவு மடங்குகிறது என்று கேட்கத் தோன்றும். அவர் வீட்டு வாசலில் நின்றால்தான் படி எவ்வளவு உயரம் என்று கேட்கத் தோன்றும்.

முதலாண்டில் தூங்கி வழிந்த வரலாற்றுப் பாடத்தை இந்தக் கூத்துக்கப்புறம் எடுத்துப் படித்தேன். நம் தொழில் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? மருத்துவமனையில் இல்லை. ஜார்ஜ் பார்ட்டன் என்று ஒரு அமெரிக்கக் கட்டடக் கலைஞர். காசநோய், பாதத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தது, அதற்கு மேல் இடது பக்கம் பக்கவாதம். நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தன்னைத் தேற்றிக்கொண்டார். ஒரு வீட்டை வாங்கி அதற்கு ஆறுதல் இல்லம் என்ற பொருளில் 'கன்சோலேஷன் ஹவுஸ்' என்று பெயர் வைத்தார். 1917 மார்ச்சில் அந்த வீட்டில் ஒரு சிலர் கூடித்தான் உலகின் முதல் ஓ.டி. சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளியாக இருந்த ஒருவர், தன் வீட்டில். இந்தியாவுக்கு இது வந்தது 1950-ல், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் பள்ளி தொடங்கியபோது. (அவரும் அமெரிக்காவில் பிறந்து இங்கே மருமகளாக வந்தவர்தான்.) பம்பாயிலிருந்து பரவியது மருத்துவமனை வடிவம். அதனால்தானோ என்னவோ, நமக்கு ஓ.டி. என்றாலே ஒரு ரூமும் ஒரு மேஜையும் கோனும்தான் நினைவுக்கு வருகின்றன.

சரி, பீடியாட்ரிக்ஸுக்கு வருவோம். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் போகிறார்கள், காரணமும் தெரிந்ததுதான். சென்னையில் தெருவுக்கு ஒரு தெரபி சென்டர் வந்துவிட்டது, சம்பளமும் மற்ற இடங்களைவிட மேல். எனக்கும் ஒரு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. மாதம் இருபத்துநாலாயிரம். நேரில் போய் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஊஞ்சல், பெரிய பந்து, கலர் கலராய் மெத்தை. முதலாளி தெரபிஸ்ட் இல்லை, வியாபாரி. அதில் தப்பில்லை. "இங்க சீனியர் ஓ.டி. யாரு சார்?" என்றேன். "நீங்கதாம்மா" என்றார்.

அன்றைக்கு ஒரு அம்மா வந்திருந்தார். பையனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். "எப்ப இவன் தன் கையால சாப்பிடுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓ.டி.யிடம் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஆனால் பையன் அந்த நாற்பத்தைந்து நிமிடமும் ஊஞ்சலில் இருந்தான்.

ஊஞ்சலை நான் கேலி செய்யவில்லை. ஜீன் ஏயர்ஸ் என்ற ஓ.டி. 1972-ல் புத்தகமாகவே எழுதி வைத்த முறை அது, உணர்வு ஒருங்கிணைப்பு. அதை முறையாகச் செய்யத் தனிப் பயிற்சி வேண்டும், யாரும் பந்தை உருட்டிவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2014-ல் 32 பிள்ளைகளை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வகுத்த இலக்குகளில் நல்ல முன்னேற்றம். 2022-ல் பிரிட்டனில் 138 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், எரிச்சலும் அமைதியின்மையும் குறைவதில் வழக்கமான கவனிப்பைவிடப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. இதில் என் கவலை ஒன்றுதான். அந்தப் பையன் சாப்பிட வேண்டியது சோறு. பிசைய வேண்டும், உருட்ட வேண்டும், விரல் நுனியில் வைத்துக் கட்டை விரலால் தள்ள வேண்டும். நம் பாடப்புத்தகத்துப் படங்களில் பெரும்பாலும் ஸ்பூன்தான் இருக்கும். அவன் மதியம் சாப்பிடும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. "பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்க்க அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். செஷன் போனால் வருமானம் போகும், அதனால் வெளியே போவது கிடையாது என்று பதில் வந்தது.

இதுவரை படித்துவிட்டு, 'ஓஹோ, இவள் கிராமத்துக்குப் போய்ச் சேவை செய்யச் சொல்லப் போகிறாள்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கேயும் குழி இருக்கிறது.

2017-ல் லான்செட் இதழில் அட்டெண்ட் என்ற ஆய்வு வந்தது. நம் நாட்டில் நடந்தது. 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு சேர்த்து, வீட்டு ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சியைச் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. மாஸ்டர் வீட்டிலிருந்து திரும்பிவந்த வேகத்தில் வீடு வீடு என்று குதித்துக்கொண்டிருந்த எனக்கு, இதைப் படித்ததும் முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. இன்னொரு பக்கம், அதே 2017-ல் வந்த காக்ரேன் தொகுப்பு. 9 ஆய்வுகள், 994 பேர். பக்கவாதத்துக்குப் பிறகு தினசரிக் காரியங்களையே குறிவைத்து ஓ.டி. கொடுத்தால் அந்தக் காரியங்களைச் செய்வதில் முன்னேற்றம் இருக்கிறது என்கிறது. ஆனால் சான்றின் தரம் குறைவு என்றும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நான் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வது இப்படி: வீட்டில் நடக்கிறது என்பதால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது, பொறுப்பைத் தூக்கி வீட்டு ஆட்கள் தலையில் வைத்தால் போதாது. அங்கே போய்ப் பார்க்கிற ஆளுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அது முழுதாகத் தெரியுமா? தெரியாது. மாஸ்டர் வீட்டில் நான் முதலில் கம்பியை வலது பக்கம் வைக்கச் சொன்னேன். சோஷியல் வொர்க்கர் அக்காதான் "எந்தக் கையால பிடிப்பாரு?" என்று கேட்டார். மானம் போயிற்று. கூட யாரும் இல்லாமல் நான் தனியாகப் போயிருந்தால் அந்தக் கம்பி வலது பக்கத்திலேயே இருந்திருக்கும். அதனால்தான் முதல் கேள்வியாக அதை வைத்தேன், தப்பைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று. படிப்பு முடித்த கையோடு ஒரு வட்டாரம் முழுவதற்கும் நீ ஒருத்திதான் ஓ.டி. என்று அனுப்புகிற வேலை வந்தால், அது எவ்வளவு புனிதமான வேலையாக இருந்தாலும், முதல் இரண்டு வருடத்துக்கு வேண்டாம் என்பேன். அங்கே பலியாகப் போவது நாம் இல்லை, நோயாளி.

இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-ல் பாகாயத்தில் வந்தது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, வீல் சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே ரீஹாப் மேளா என்று ஒன்று வைத்துப் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைக்கிறார்கள். டிஸ்சார்ஜோடு கதை முடியவில்லை என்பது அங்கே வேலை செய்பவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், 1981-ல் ராமகிருஷ்ணன் ஆரம்பித்தது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அந்த அமைப்பின் களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், தெரபிஸ்ட்கள் அவர்களை வழிநடத்துகிறார்கள். கவனித்தீர்களா, இரண்டையும் தொடங்கியவர்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன கஷ்டத்தைத் தாங்களே பட்டவர்கள். பார்ட்டனும் அப்படித்தான்.

மனநலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் எங்கள் வகுப்பில் அதை யாரும் தொடவே பயப்படுகிறார்கள். கீழ்ப்பாக்கம் என்றாலே நமக்கு ஒரு வசைச்சொல். 1794-ல் தொடங்கிய இடம் அது. உள்ளே பேக்கரி இருக்கிறது, அங்கே சிகிச்சை பெறுகிறவர்கள் ரொட்டி சுடுகிறார்கள். மாவு பிசைவது, நேரம் பார்ப்பது, கூட வேலை செய்கிறவரோடு ஒத்துப்போவது என்று ஒரு ரொட்டிக்குள் எத்தனை ஓ.டி. இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1993-ல் ஆரம்பித்த பான்யன் அமைப்பு, வருடக்கணக்காக உள்ளேயே இருந்தவர்களைச் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. கடைக்குப் போய்க் காய்கறி வாங்குவதும், பக்கத்து வீட்டு ஆளோடு பேசுவதும்தான் அங்கே சிகிச்சை. நாம் படித்த எல்லாவற்றையும் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? ஆனாலும் கல்யாணச் சந்தையில் "எங்க வேலை பார்க்குது பொண்ணு?" என்ற கேள்வி வரும்போது என்ன சொல்வது என்று பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், எனக்கும் இருந்தது.

அரசு வேலையைப் பற்றி ஜூனியர்கள் கேட்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து குறைபாடுகளின் பட்டியல் 21 ஆனது. 2021-ல் நம்மைப் போன்ற துறைகளுக்கென்றே தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உலக வங்கிக் கடனோடு நடக்கிற உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் வருகின்றன, அதில் ஓ.டி.க்கு இடம் உண்டு. இவற்றில் பல வேலைகள் ஒப்பந்த வேலை. கையெழுத்துப் போடும் முன் எத்தனை மாத ஒப்பந்தம் என்று கேளுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

என் ரூம்மேட் கோயம்புத்தூர்ப் பக்கம் கை அறுவை சிகிச்சைப் பிரிவு ஒன்றில் சேரப் போகிறாள். மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிற வேலை. அப்படியானால் என் கணக்குப்படி அது தப்பான தேர்வா? இல்லை. அவள் இன்டர்வியூவில் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "மெஷின்ல கை மாட்டி வர்றவங்களோட பட்டறைக்குப் போய் அந்த மெஷினைப் பார்க்க விடுவீங்களா?" சீனியர் சிரித்துவிட்டு, "நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாராம். சுடுதண்ணீரில் ஸ்ப்ளின்ட் ஷீட்டை இளக்கிக் கையில் ஒட்டி வளைப்பதை அந்த சீனியர் இருபது வருடமாகச் செய்கிறாராம். இது போதாதா?

பணம். இதைப் பேசாமல் போனால் நான் பொய் சொல்கிறவள் ஆகிவிடுவேன். என் அம்மா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் தட்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நுனியை மடக்குகிற அந்த விரல்களைப் பார்த்துத்தான் கை வேலை என்றால் என்ன என்று எனக்கு முதலில் தெரிந்தது. ஹேண்ட் ஃபங்ஷன் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கெல்லாம் அம்மாவுடையது. இப்போது அவருக்கே கட்டை விரல் அடியில் வலி. என் பெயரில் கல்விக்கடன் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் தவணை தொடங்கிவிடும்.

என் கையில் இருப்பது இரண்டு கடிதம். ஒன்று அந்த இருபத்துநாலாயிரம். இன்னொன்று எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம், பதினாறாயிரம். (ஆய்க்குடி இல்லை, வேறு ஒன்று.) அங்கே பதினான்கு வருட அனுபவம் உள்ள மேடம் ஒருவர் இருக்கிறார். முதல் மூன்று மாதம் நான் தனியாக எந்த வீட்டுக்கும் போகக் கூடாதாம், அவர் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போக வேண்டுமாம். இன்டர்வியூவில் நான் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் என்னைக் கேட்டார்: "நீ பார்த்த கேஸ்ல நீ சொதப்பினது ஒண்ணு சொல்லு." நான் வலது பக்கத்துக் கம்பியைச் சொன்னேன். "சரி, அடுத்து?" என்றார். 85-ஐச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அதற்கப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.

மாதம் எட்டாயிரம் வித்தியாசம். சென்னை என்றால் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் என்று அதில் பெரும்பகுதி போய்விடும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நேர்மையாகப் போட்டாலும் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் இடிக்கிறது. சம்பளம் முக்கியமில்லை, சேவைதான் முக்கியம் என்று மேடையில் பேசுகிற சிறப்பு விருந்தினர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டாயிரத்தை எங்கே பிடிப்பது என்றும் சொல்லிவிட்டுப் போகவும்.

நேற்று அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பக்கத்துல இருந்தா நல்லதுதாம்ட்டி. லோனை யாரு கட்டுவா?" என்றார். நான் கட்டுவேன், கொஞ்சம் மெதுவாகக் கட்டுவேன் என்றேன். "உங்கப்பாட்ட நீயே சொல்லிக்கோ" என்று போனை வைத்துவிட்டார். ஆச்சி மட்டும் வாங்கிப் பேசி, "வீடு வீடா போற வேலையா? செருப்பு நல்லதா வாங்கிக்கோ" என்றாள்.

அப்பாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பொதிகையில் ஊருக்குப் போகிறேன். டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில் பதினான்கு.